மலையை இடப்பக்கம் வைத்து நடந்தேன்

இன்று மதியம் கிரிவலப் பாதையில் எதிர்த்திசையில் நடந்தேன். வேண்டுதல் எதுவும் இல்லை, நாவலுக்காகத்தான்.

ஒரு பழைய நாவலையும் அதை எழுதியவரின் வாழ்க்கையையும் சேர்த்துப் பிசைந்து புது நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய கதையின் நாயகி மலையை எதிர்த்திசையில் சுற்றப் போய்க் காணாமல் போவாள். எழுதி முடித்ததும் ஆசிரியரும் அப்படியே நடந்து போனார், வீடு திரும்பவில்லை. என் கதையில் இருவரும் வழியில் சந்திக்கிறார்கள்.

அடி அண்ணாமலை டீக்கடை அக்கா என்னைப் பார்த்ததும் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"இன்னா சார், எதிர்ல வர்றீங்க?"

"கதை எழுதுறேங்க, அதுக்காக."

"போன மாசமும் ஒருத்தர் இப்படித்தான் வந்தாரு. அவரும் கதைன்னுதான் சொன்னாரு. வெயிட்டு ஜாஸ்தியா இருக்கு, சுத்திட்டு வந்து வாங்கிக்கிறேன்னு பையைக் குடுத்துட்டுப் போனாரு. இன்னும் வரல."

பை ஆணியில் தொங்கியது. எடுத்துத் திறந்தேன், உள்ளே அதே பழைய நாவல். நாயகி வீட்டைவிட்டுக் கிளம்பும் பக்கத்தில் சிவப்பு மையில் கோடு. என் தோள்பையில் இருக்கும் பிரதியிலும் அங்கேதான் கோடு.

இரண்டாவது டீயும் ஆறிவிட்டது. இங்கிருந்து திரும்பினால் எல்லோரும் சுற்றும் திசை. நேரே போனால் நாவல் முடியும்.

எந்தப் பக்கம் போகட்டும்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், அக்கா சுவரில் இன்னொரு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார்.