விட்டுப்போட்டன்

மகள் பாமசிப் பட்டம் வாங்கிய பிறகும் ஏன் இன்னும் படிக்கிறாள் என்று கேட்காத ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை. வீட்டுக்குக் கிட்ட, மில்லிக்கனில் நாங்கள் மரக்கறி வாங்கும் பிளாஸாவில் தெரிந்த அன்ரி ஒருவர் மறித்துக் கேட்டார். றெசிடென்சி செய்கிறாள் என்றேன்.

"றெசிடென்சியோ? பிள்ளை இஞ்சைதானே பிறந்தது. பிறகென்ன றெசிடென்சி?"

"அது இமிகிரேஷன் அலுவல் இல்லை அன்ரி. ஆஸ்பத்திரியிலை ஒரு வருசம் நிண்டு பழகிறது."

"அப்ப டொக்ரரோ?"

"இல்லை, பாமசிஸ்ற்."

"கடையிலை நிண்டு குளிசை எண்ணிக் குடுக்கிறதுதானே? அதுக்கு உவ்வளவு படிப்போ?" என்றார், வெண்டைக்காயின் நுனியை முறித்துப் பார்த்தபடி.

ஆஸ்பத்திரியில் பாமசிஸ்ற் குளிசை எண்ணுவதில்லை, நோயாளி என்னென்ன மருந்து எடுக்கிறார், எது எதோடு ஒத்துவராது, எதை நிறுத்தவேண்டும் என்று டொக்டர்மாருக்குச் சொல்பவர் என்று விளக்கப் போனேன். அவர் கத்தரிக்காய்ப் பக்கம் போய்விட்டார். அந்த இடம் கிடைக்க எத்தனை பேர் போட்டி போட்டார்கள், நேர்முகத்துக்காக அவள் எத்தனை நாள் கண்ணாடி முன்னால் நின்று கதைத்துப் பழகினாள் என்பதையெல்லாம் யாரிடம் சொல்வது?

அந்த இடத்துக்கு அவள் போட்ட விண்ணப்பத்தில் என் கையும் இருந்தது. அதைத்தான் நான் எழுதவேண்டும்.

மொழிகள் என்ற இடத்தில் அவள் 'தமிழ், கொன்வசேஷனல்' என்று, அதாவது பேச்சளவில் மட்டும் என்று, போட்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பனியோ மழையோ, பதினொரு வருடம் சனிக்கிழமைதோறும் அவளைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றிப் போய், வகுப்பு முடியும்வரை காருக்குள் இருந்தவன் நான்.

"உதை மாத்து. ஃப்ளூவன்ற் எண்டு போடு, சரளமா வரும் எண்டு."

"அப்பா, ஐ'ம் நொற் ஃப்ளூவன்ற். எனக்குப் பேப்பர் வாசிக்கத் தெரியாது."

"ஆஸ்பத்திரியிலை ஆர் உன்னைப் பேப்பர் வாசிக்கச் சொல்லப் போகினம்? கதைக்கிறாய்தானே?"

"அவளை விடுங்கோவன்," என்றாள் மனைவி. நான் விடவில்லை. மகள் சலித்துப்போய் மாற்றினாள். நேர்முகத்தில் அந்த வரியைப் பார்த்து, இங்கே எங்களிடம் தமிழ் நோயாளிகள் நிறைய வருகிறார்கள் என்று ஒருவர் மகிழ்ந்து சொன்னாராம். அதைக் கேட்டு நான் கொஞ்சநஞ்சமாகவா பெருமைப்பட்டேன்!

ஒவ்வொரு நாள் காலையும் நான்தான் அவளை ரயில் நிலையத்தில் இறக்கிவிடுவேன். வீட்டிலிருந்து ஏழு நிமிடம். அவள் கதைப்பது அந்த ஏழு நிமிடத்தில் மட்டும்தான். பின்னேரம் நான் போய் ஏற்றினால் காரிலேயே கண்ணயர்ந்து, வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் போய்விடுவாள். மாசி மாதத்தில் ஒரு காலை, கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு நான் காருக்குள் ஏறியதும் கேட்டாள்.

"அப்பா, 'விட்டுப்போட்டன்' எண்டால் என்ன?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. தமிழில் ஒரு கேள்வி!

"விட்டிட்டன், நிப்பாட்டிப்போட்டன் எண்ட கருத்து. அதிலை 'போட்டன்' எண்டது சும்மா ஒட்டிக்கொண்டு வாறது. செய்து முடிச்சாச்சு எண்டு காட்ட. மறந்துபோட்டன், சொல்லிப்போட்டன் எண்டு நாங்கள் வீட்டிலை கதைக்கிறேல்லையே?"

"மறந்துபோட்டன் எனக்குத் தெரியும். ஆனா குளிசை போட்டன் எண்டால் எடுத்தன் எண்டுதானே?"

"ஓம், அது வேறை. அது உண்மையாப் போடுறது."

"அப்ப ஒராள் 'குளிசையை விட்டுப்போட்டன்' எண்டால்?"

"குளிசையை நிப்பாட்டிப்போட்டார். இதிலை என்ன குழப்பம்? சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்," என்று சிரித்தேன்.

நிலையத்தில் இறங்கும்போது கதவை மெதுவாகச் சாத்தினாள். வழக்கமாக அடித்துச் சாத்துகிறவள்.

மறுநாள் காலையில்தான் முழுவதையும் சொன்னாள். காலில் கிருமி தொற்றி அனுமதிக்கப்பட்ட வயதான தமிழர் ஒருவர். அவருடைய மருந்துப் பட்டியலை எடுப்பது அவள் வேலை. தமிழ் நோயாளி என்றால் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை அழைக்கவேண்டும் என்பது அங்கே விதி. அழைத்தால் காத்திருக்கவேண்டும். தனக்கே தமிழ் கதைக்கத் தெரியும் என்று இவள் மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறாள். ஓம், உன் விண்ணப்பத்தில் பார்த்தேனே என்று அவரும் விட்டுவிட்டார்.

பெரியவர் பிறஷர்க் குளிசைப் போத்தலைத் தூக்கிக் காட்டி, "உதை நான் விட்டுப்போட்டன் பிள்ளை" என்றிருக்கிறார். இவள் காதில் அது 'விட்டுவிட்டுப் போடுறன்' என்று விழுந்திருக்கிறது. அதாவது இடைக்கிடை தவறவிட்டாலும் எடுக்கிறார். மருந்துக்கடைப் பதிவைப் பார்த்தால் மாதாமாதம் குளிசை வாங்கியதாகவே இருந்தது. பெரியவரின் மகன் வாங்கிக் கொடுக்க, அவர் அலுமாரியில் அடுக்கியிருக்கிறார். எல்லாம் ஒத்துவர, எடுக்கிறார் என்றே இவள் எழுதினாள். வார்டில் ஒரு நாளும் தவறாமல் முழு அளவு கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கழிவறைக்குப் போக எழும்பியவர் பிறஷர் இறங்கித் தலைசுற்றி விழுந்துவிட்டார். நெற்றியில் தையல். எலும்பு முறியவில்லை, நல்லகாலம். "அப்பா உதை நிப்பாட்டி எத்தினையோ மாசம், தலை சுத்துது எண்டுதானே விட்டவர்" என்று பிறகு வந்த மகன் சொன்னபோதுதான் விஷயம் வெளிச்சமானது.

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

"நீ அவரிட்டை திருப்பிக் கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லை. விளங்கினது எண்டு நினைச்சன். அதுதான் பிழை."

"உனக்கு இனி என்ன நடக்கும்?"

"தெரியாது. மீற்றிங் வைப்பினம். புரோகிராமிலை வைச்சிருக்கிறதோ இல்லையோ எண்டு அவை சொல்லுவினம். ட்ரெயின் வரப்போகுது, காரை எடுங்கோ அப்பா."

அதன் பிறகு பதினேழு நாட்கள் ஒரு செய்தியும் இல்லை. அவளை வேலைக்கு வரச் சொன்னார்கள், ஆனால் தனியாக எந்த நோயாளியிடமும் அனுப்பவில்லை. அவள் எழுதும் ஒவ்வொரு வரியையும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட்டார். எனக்கு எல்லாரிலும் ஆத்திரம் வந்தது. விதி என்று ஒன்றை வைத்துவிட்டு ஏன் அந்த மேற்பார்வையாளர் விட்டுக்கொடுத்தார்? எடுக்காத குளிசையை ஏன் அந்த மகன் வாங்கி வாங்கி அடுக்கினார்? பெரியவர் நிப்பாட்டிப்போட்டன் என்று சொல்லியிருக்கக்கூடாதா? இப்படி ஊரிலுள்ள எல்லாரையும் குற்றம் சொல்லி முடித்த பிறகு அந்த ஒரு சொல் மிஞ்சும். ஃப்ளூவன்ற். அதை எழுத வைத்தவன் நான். அந்தப் பெரியவரின் நெற்றி என் கண்ணுக்குள்ளேயே நின்றது. நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினியில் இருந்து அவளுடைய பயிற்சிப் பொறுப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். யாழ்ப்பாணத் தமிழில் 'போடு' என்பது துணைவினையாக வரும்போது அதன் சொந்தப் பொருள் போய்விடும் என்று உதாரணங்களோடு ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். இது திறமைக் குறைவு அல்ல, இலக்கணச் சிக்கல் என்று முடித்திருந்தேன். தேநீர் எடுக்கப் போய்த் திரும்பினால் மகள் திரையின் முன்னால் நின்றாள்.

"அப்பா, வட் இஸ் திஸ்?"

"அனுப்பேல்லை. சும்மா எழுதிப் பாத்தனான்."

"எனக்கு இருபத்தாறு வயசு. இது கிரேட் திறீ இல்லை, அப்பா வந்து ரீச்சரோட கதைக்க."

"உன்ரை பிழை இல்லை எண்டு ஆராவது சொல்லவேணுமெல்லோ?"

"என்ரை பிழைதான்! ஒராள் விழுந்திட்டார் அப்பா. உங்கடை கிராமர் கிளாஸை அவருக்கு ஆர் எடுக்கிறது?"

மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் அப்பவே சொன்னன், அவளை விடுங்கோ எண்டு." அதை அவள் எந்தப் பழைய நாளை நினைத்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். மின்னஞ்சலை அழித்தேன்.

பதினெட்டாம் நாள் முடிவு வந்தது. அவளை வைத்திருக்கிறார்கள். அந்த வார்டில் செய்த நான்கு வாரப் பயிற்சியை அவள் முதலிலிருந்து மறுபடி செய்யவேண்டும். மற்றவர்கள் முடித்துப் போன பிறகும் இவள் ஒரு மாதம் நிற்பாள். நடந்ததைத் துறையினர் முன்னால் அவளே எழுந்து சொல்லவேண்டும். தமிழ் நோயாளி என்றால் எப்போதும் மொழிபெயர்ப்பாளர். இவள் பக்கத்தில் நின்று, தனக்கும் பாதி விளங்குகிற தமிழை ஒலிபெருக்கியில் ஆங்கிலமாகக் கேட்கவேண்டும். எனக்கு அது அவமானமாகப் பட்டது. அவளோ, "அது சரியான ரூல் அப்பா" என்றாள். விண்ணப்பத்திலிருந்த அந்த வரியை இப்போது அவளுடைய சுயவிபரக்கோவையில் காணவில்லை. கொன்வசேஷனல்கூட இல்லை. பதினொரு வருடச் சனிக்கிழமைகள்! ஏன் எடுத்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

போன கிழமை, பயிற்சி மறுபடி தொடங்கி மூன்றாம் நாள். காரில் கைப்பையை மடியில் வைத்தபடி கேட்டாள்.

"உங்கடை கொலஸ்ரரோல் குளிசை முடிஞ்சிருக்குமே. புதுசு எடுக்கேல்லையோ?"

"உதை நான் விட்டுப்போட்டன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் அப்படித்தான் வரும். அவள் முகம் வாடும் என்று நினைத்தேன். ஆனால் அவள் முழுதாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எண்டால், முழுக்க நிப்பாட்டினதோ? இல்லாட்டி இடைக்கிடை போடுறியளோ?"

"நிப்பாட்டினது."

"கடைசியா எப்ப போட்டனீங்கள்?"

"பனிக்கு முதல்."

"எந்தப் பனி? முதல் விழுந்ததோ, ஸ்கூல் பூட்டின பெரிய பனியோ?"

"பெரிய பனி."

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"கால் உளையுது."

"டொக்ரருக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"அம்மாவுக்கு?"

"உனக்கு விசரே?"

அவள் சிரிக்கவில்லை. ரயில் கடவையில் மணி அடித்து, தடுப்புக் கட்டை இறங்கத் தொடங்கியது. "அந்தப் போத்தலைப் பின்னேரம் என்னை ஏத்த வரேக்கை காருக்குள்ளை கொண்டு வாங்கோ. எத்தினை மிச்சம் எண்டு நான் பாக்கவேணும்," என்றபடி இறங்கி, கதவை அடித்துச் சாத்திவிட்டு ஓடினாள்.

நான் சொன்னது பொய். பெரிய பனிக்கு முதல் அல்ல, அதற்கும் இரண்டு மாதம் முந்தி. எப்படியும் பின்னேரம் எண்ணிக் கண்டுபிடிப்பாள். வீட்டுக்குப் போய், மேல்தட்டில் மாவுப் பேணிக்குப் பின்னால் ஒளித்திருந்த போத்தலை எடுத்து, மறக்காமலிருக்கக் கார்த் திறப்புக் கொத்தோடு சேர்த்து வைத்தேன்.