பலகையில் ஏறாத ஏழு மாதங்கள்

உருகிய அரக்கின் மணம் எங்கே வந்தாலும் எனக்கு இன்றும் மாற்றல் உத்தரவுதான் ஞாபகம் வரும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த அரசாங்கக் "குவார்ட்டர்ஸ்"க்கு இரண்டு தெரு தள்ளியிருந்த தபால் நிலையத்தில் அப்பா கிளார்க்காக இருந்தார். பைகளுக்கு முத்திரை வைத்த அந்த வாடை மாலையில் அவர் சட்டையோடு வீட்டுக்குள் வரும், அதன் பின்னாலேயே "டிரான்ஸ்ஃபர்" பேச்சும் வரும். மற்ற வீடுகளில் பிள்ளைகளைப் பேய் சொல்லிப் பயமுறுத்தினார்கள் என்றால் எங்கள் வீட்டில் அதற்குப் பந்திங் என்ற தூரத்து ஊர் இருந்தது. ஆபீசில் யார் வாயைத் திறந்தாலும், "பந்திங்குக்குத் தூக்கிடுவாங்க லா" என்பார் அம்மா. தூக்கினால் குவார்ட்டர்ஸ் போகும், என் பள்ளிக்கூடம் போகும் என்று எனக்கு எட்டு வயதிலேயே தெரியும்.

எழுபதுகளின் நடுவில், ஐந்தாம் வகுப்பில், நகரத்தின் மேயர்களையும் எங்கள் வட்டாரத்துப் போஸ்ட்மாஸ்டர்களையும் பற்றி "ஸ்க்ராப் புக்" செய்துவரச் சொன்னார் ஆசிரியை. கோலாலம்பூர் மாநகரமாகி அதிக நாள் ஆகாததால், பத்திரிகையில் வெட்டிய ஒரே ஒரு படத்தை ஒட்டியதும் மேயருக்கான "டத்தோ பண்டார்" பக்கம் முடிந்துவிட்டது. போஸ்ட்மாஸ்டர்கள்தான் பதினான்கு பேர். தபால் நிலையத்துச் சுவரில், கறுப்பு மரப்பலகையில், வெள்ளைக்காரர் பெயர்களில் தொடங்கி மலாய்ப் பெயர்களில் முடியும்படி, மாதம் ஆண்டோடு தங்க எழுத்தில் எழுதியிருந்தது. சனிக்கிழமை காலையில் அண்ணாந்து நின்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

பன்னிரண்டாமவருக்கும் பதின்மூன்றாமவருக்கும் நடுவில் ஏழு மாதம் இடைவெளி. அந்த மாதங்களில் நாற்காலியில் இருந்தது யார் என்று எனக்குத் தெரியும். பழையவர் நோயில் விழுந்து ஓய்வுபெற, புதியவர் வந்துசேரும்வரை அப்பாதான் தற்காலிகமாக உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் சட்டைகளுக்குக் கூடுதலாகக் கஞ்சி போட்ட காலம் அது. பலகையில் ஏன் பெயர் இல்லை என்று அப்பாவிடம் கேட்டேன்.

"அது ஆக்டிங் மா. ஆக்டிங் எல்லாம் போர்டுல ஏறாது" என்றார், தபால் தலை தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல.

நான் அந்த இடைவெளியில் அவர் பெயரையும் பக்கத்தில் அந்த மாதங்களையும் மையால் எழுதினேன். பெருமையாலா, இடைவெளி கணக்குப் பிழைபோல உறுத்தியதாலா, இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆசிரியை அந்தப் புத்தகத்தைப் பள்ளிக் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்தார்; கண்காட்சியைத் திறந்துவைக்க வருவது அப்போதைய போஸ்ட்மாஸ்டர் என்றும் சொன்னார். அப்பாதான் எழுதச் சொன்னார் என்று அவர் நினைத்துவிட்டால்? பந்திங்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலை அப்பாவின் பாதி பிளேடை எடுத்தேன். பதிவேட்டில் பிழை வந்தால் அவர் மையை மெல்லச் சுரண்டி, கட்டைவிரல் நகத்தால் தேய்த்து, அதன்மேலேயே திருத்தி எழுதுவார், பார்த்திருக்கிறேன். என் தாள் மட்டமானது. பெயரோடு தாளும் போய், விரல் நுழையும் அளவுக்குத் துளை விழுந்தது. பக்கத்தில் அந்த ஏழு மாதங்கள் மட்டும் அப்படியே நின்றன.

மறுநாள் வந்த போஸ்ட்மாஸ்டர் சாந்தமான மலாய்க்காரர். அவரோடு வந்த அப்பா இரண்டடி பின்னால் நின்றார். வரிசையாக நகர்ந்த போஸ்ட்மாஸ்டரின் விரல் துளையில் நின்றது. இந்த மாதங்களில் யார் இருந்தது என்று என்னிடம் மலாயில் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா குனிந்து பார்த்தார். துளையின் ஓரத்தில் அவர் பெயரின் கடைசி எழுத்து பாதி மிச்சமிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன், அவரும் கவனித்தார்.

"அந்த ஏழு மாசமும் ஆபீஸ் ஒழுங்கா நடந்துச்சு, என்சிக்" என்று அப்பாவும் மலாயிலேயே மரியாதையாகச் சொன்னார். போஸ்ட்மாஸ்டர் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா ஒன்றுதான் சொன்னார். "பிளேடைச் சாய்ச்சுப் பிடிக்கணும் மா. நேரா பிடிச்சா கிழியத்தான் செய்யும்."

மாற்றல் உத்தரவு வரவில்லை. ஆனாலும் பழுப்பு அரசாங்க உறை எது வந்தாலும், ஒரு வருஷம் அப்பா அதைப் பிரிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். நான் எழுதியது அவருக்கு வருத்தமா, அழித்தது வருத்தமா என்று கேட்கத் துணிவு வந்ததே இல்லை.

இப்போது அப்பா எங்களோடு சுங்கை வேயில் இருக்கிறார். குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். தபால் நிலையம் குளிர்சாதனக் கடைவீட்டுக்குப் போய்விட்டது; அரக்கு வாடை அங்கே இல்லை. பலகை எங்கே என்று இரண்டு முறை போய்க் கேட்டேன். முகப்பில் இருந்த பெண்ணுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியவில்லை. பலகையில் இல்லாத அப்பாவோடு அந்தப் பதினான்கு பேரும் இப்போது சேர்ந்துவிட்டார்கள்.

போன வாரம் என் மகள் அலமாரியைக் கிளறி ஸ்க்ராப் புக்கை எடுத்துவந்தாள். துளைக்குப் பின்னால் அடுத்த பக்கத்து டத்தோ பண்டாரின் கோட்டுப் பொத்தான் தெரிந்தது. அதில் விரலை விட்டு, "இங்க யாரும்மா?" என்றாள். கூடத்தில் அப்பா பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா. போஸ்ட்மாஸ்டரா இருந்தாங்க" என்றேன், குரல் தானாகவே தணிந்துவிட்டது.

"ஆக்டிங்" என்றார் அப்பா, பத்திரிகையை இறக்காமலே.

பிறகு பத்திரிகைப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "ஓட்டைக்குப் பின்னால ஒரு தாள் ஒட்டிட்டு எழுதும்மா, நிக்கும்."