தம்பி கொண்டுவந்த புதுத் தகரம்

தானே புயலில் மேல்பட்டாம்பாக்கத்திலுள்ள எங்கள் வீட்டுத் தகரக் கூரை பறந்து வயலில் விழுந்தது. சிதம்பரத்தில் கூரை வேலை செய்யும் என் தம்பி வந்தான்.

"எல்லாம் நெளிஞ்சு போச்சுக்கா, பழைய இரும்புக்குத்தான் ஆவும்" என்று அள்ளிப்போனவன், பச்சைப் பெயின்ட் அடித்த தகரங்களோடு திரும்பினான்.

"புதுசுக்கா. உனக்காவ அலைஞ்சு வாங்கியாந்தேன்."

அவனே கூரை போட்டு முடித்தான். கூடப்பிறந்தவன் வேலையைச் சோதித்தால் அவனுக்கு அவமானம் என்று, அண்ணாந்துகூடப் பார்க்காமல் காசு கொடுத்தேன்.

முதல் மழையிலேயே கூடத்தில் ஒழுகியது. ஏணி வைத்து ஏறினேன். பெயின்ட் உரிந்த இடத்தில், டிவி ஆன்டெனாவுக்காக நாங்கள் போட்டுத் தாரால் அடைத்த பழைய ஓட்டை, தார் பெயர்ந்து தெரிந்தது! எங்கள் கூரையையே தட்டி நிமிர்த்தி எங்களுக்கே விற்றிருக்கிறான்.

இப்போது யார் வேலை செய்தாலும் நானே ஏறிப் பார்க்கிறேன். அந்த ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. மழைநாளில் தம்பி வந்தால், நாற்காலியை அதற்கு நேர் கீழேதான் போடுகிறேன்.