கஃபீலம்மாவின் இன்டர்வியூ

வளைகுடாவில் பிழைக்கப் போனவர்களுக்குக் கஃபீல் என்றால் யாரென்று விளக்க வேண்டியதில்லை. யார் பொறுப்பில் நமக்கு விசா கிடைத்திருக்கிறதோ அவர்தான் கஃபீல். அவரைப் பற்றிப் பேசும்போது மீசை வைத்த ஆட்களுக்கே குரல் கொஞ்சம் இறங்கிவிடும். ஷார்ஜா முவைலாவில் எங்கள் ஃபிளாட்டில் மட்டும் கஃபீல் நைட்டி போட்டுக்கொண்டு, நைட் டூட்டி முடிந்த அலுப்பில் சோபாவிலேயே வாயைத் திறந்தபடி தூங்குவாள். எங்கள் கஃபீல் அம்மா.

அம்மா நர்ஸ். அப்பா ஏசி மெக்கானிக். அப்பாவின் கம்பெனியை ஒருநாள் இழுத்து மூடிவிட்டார்கள். விசா போய்விட்டால் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். நல்லவேளையாக, நர்ஸ் வேலையில் இருக்கும் பெண்கள் கணவரைத் தங்கள் விசாவிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. அப்படி இருக்கும் கணவர் வேலைக்குப் போகக்கூடாது. ஆகவே அப்பா வீட்டில் இருந்தார். அம்மாவைக் ‘கஃபீலம்மா’ என்று கூப்பிடத் தொடங்கியது அப்போதுதான். “கஃபீலம்மா, எனக்கு இன்னைக்கு லீவு உண்டா?” என்று கேட்டுக்கொண்டே தோசையைத் திருப்புவார். “மாஃபி” என்பாள் அம்மா, கிடையாது என்று அரபிக்காரர்கள் போலவே கையை விரித்து.

அப்பா சமையலில் ஏசி வேலையின் ஒழுங்கு இருந்தது. எதையும் பிரித்துப் பார்த்து, துடைத்து, திரும்ப மாட்டுவார். எனக்குச் சடை பின்னிவிட்டால் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை ஒரு முடி நகராது. கொஞ்சம் கண்ணை மூடித் திறப்பதும் சிரமமாக இருக்கும். இருந்தாலும் எங்கள் ஸ்கூல் பஸ்ஸிலேயே ஒழுங்கான சடை என்னுடையதுதான். எட்டு வயதில் எனக்கு அது பெரிய பெருமை.

இந்த ஏற்பாடு ஊரில் ஒருவருக்கும் தெரியாது. குமரி மாவட்டத்துக் கடற்கரையில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அப்பா இன்னமும் டூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். முக்கியமாகப் பெரியப்பாவுக்கு. அப்பாவின் அண்ணன். ரியாத்தில் பத்தா பக்கம் ஒரு போன் கடையில் வேலை, அங்கேயே ஒரு ரூமில் கூட்டமாகத் தங்கல். அப்பா கல்யாணத்தின்போது, “பொண்டாட்டி சம்பளத்துல தின்னுட்டு கெடக்கணும்னு உனக்கு ஆசையாலே?” என்று கேட்டவர் அவர். ஒரே ஒருமுறைதான் கேட்டார். அப்பா அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

அந்த வருடம் வீட்டில் இன்னொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. அம்மா ஜெர்மன் படித்தாள். ஜெர்மனியில் ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ்கள் வேண்டுமாம், குடும்பத்தோடு போகலாமாம், அங்கே அப்பாவும் வேலை செய்யலாமாம். அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. அப்பா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்பார், அம்மா யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டே பதில் சொல்வாள், இரண்டு பேரும் தப்பாகச் சொன்னால் நான் திருத்துவேன். குழந்தைகளுக்குப் பாஷை சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். அப்பாவும் அம்மாவும் என்னைப் பார்த்துப் பயப்பட்ட ஒரே காலம் அதுதான்.

மொழிப் பரீட்சையில் அம்மா பாஸாகிவிட்டாள். கம்ப்யூட்டர் வழியாக நடந்த முதல் இன்டர்வியூவில்தான் மாட்டிக்கொண்டாள். நோயாளியைப் பற்றி, மருந்தைப் பற்றி, புண்ணுக்குக் கட்டுப் போடுவதைப் பற்றியெல்லாம் மளமளவென்று சொன்னவளிடம், “உங்களுக்குச் சின்னக் குழந்தை இருக்கிறதே, நீங்கள் ஷிஃப்டுக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்?” என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா வாயடைத்துப் போய்விட்டாள். அந்த வேலை கிடைக்கவில்லை.

அதற்குப் பதில் சொல்ல ஜெர்மன் தெரியாமல் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆணுக்கு அவர்கள் பாஷையில் ‘ஹவுஸ்மான்’ என்று ஒரு பெயரே உண்டு. அப்பாதான் கண்டுபிடித்துக் கொடுத்தார். “மைன் மான் இஸ்ட் ஹவுஸ்மான். என் வீட்டுக்காரர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். அவ்வளவுதான், சொல்லு” என்பார். ஒத்திகையில் எல்லாம் சொல்லும் அம்மா அந்த இடம் வந்ததும் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். “ஊரறியச் சொல்லுத மாதிரி இருக்குங்க” என்றாள் ஒருநாள். இரண்டாவது ஆஸ்பத்திரி ஒன்று இன்டர்வியூவுக்கு நாள் குறித்தது. இதையும் விட்டால் மறுபடி எப்போது என்று சொல்ல முடியாது என்று ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். அந்த வாரம் பார்த்துப் பெரியப்பா வந்து இறங்கினார்.

லீவில் ஊருக்குப் போகிற வழியில் தம்பி குடும்பத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு வாரத்துக்கு வந்தார். வீடு நாடகக் கொட்டகை ஆனது. அப்பா காலையில் பழைய கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு, சேஃப்டி ஷூவும் டூல்ஸ் பையுமாக டூட்டிக்குக் கிளம்புவார். கிளம்பி எங்கே போவார் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். கீழே சலூன் வைத்திருந்த நண்பர் கடையில் உட்கார்ந்து வருவோர் போவோருக்கெல்லாம் நியாயம் பேசிக்கொண்டிருப்பார். அம்மா நைட் டூட்டி முடிந்து வந்து, தூங்காமல், சமையலறைக்குள் போவாள். இரண்டு வருடமாக அவள் அங்கே எதையும் தொட்டதில்லை. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று என்னிடம் ரகசியமாகக் கேட்பாள்.

அந்த வாரத்துச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுவது அம்மாவுக்கு நான் செய்யும் மரியாதை. மீன் குழம்பு என்று ஒன்று வைத்தாள். மீன் இருந்தது. பெரியப்பா தலையைக் குனிந்து மரியாதையாகச் சாப்பிட்டார். “இன்னும் கொஞ்சம் விடட்டா அத்தான்?” என்று அம்மா கேட்டால், “போதும் பிள்ளே, வயிறு நெறஞ்சாச்சு” என்று தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொள்வார்.

எனக்கு அந்த நாடகம் பிடித்திருந்தது. எனக்கும் வசனம் கொடுத்திருந்தார்கள். பெரியப்பா, “அப்பா எப்ப மக்ளே வருவான்?” என்று கேட்டால், “சைட்ல வேலை கூடுதல் பெரியப்பா, ஓவர்டைம்” என்று சொல்ல வேண்டும். கேட்காமலேயே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்டர்வியூ அன்று மதியம் பெரியப்பாவை வெளியே அனுப்புவதாக ஏற்பாடு. சலூன்காரர் அவரைக் கடைவீதிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அன்று பார்த்துப் புழுதிக்காற்று. எதிர்க் கட்டடமே தெரியவில்லை. “இந்தக் காத்துல எங்க போவ? நான் இங்கனயே இருக்கேன், நீ உன் சோலியப் பாரு பிள்ளே” என்று பெரியப்பா சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வைஃபை ஹாலில்தான் ஒழுங்காக எடுக்கும். அம்மா வேறு வழியில்லாமல் அவருக்கு முன்னால் மேஜையைப் போட்டு, லேப்டாப்பைத் திறந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சத்தம் போடாமல் பெரியப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

திரையில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி வயதானவள், கண்ணாடி போட்டவள். அவள்தான் கேட்டாள். அம்மா நன்றாகச் சொன்னாள். நான் ஒரு தப்பு மட்டும்தான் கண்டுபிடித்தேன். “சரமாரியா எடுத்து விடுதாளே!” என்று பெரியப்பா என் காதில் சொன்னார். அவருக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் பெருமையாக இருந்தது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. உங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். இங்கே மூன்று ஷிஃப்ட். அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?

லேப்டாப்புக்கு மேலே பெரியப்பாவின் முகம் அம்மாவுக்கு நேராகத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடிக்காரி காத்திருந்தாள். “என்ன பிள்ளே, நெட்டு போச்சா?” என்று பெரியப்பா உரக்கக் கேட்டார். அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண்ணை மூடித் திறந்தாள்.

“மைன் மான் இஸ்ட் ஹவுஸ்மான்” என்றாள்.

அது வந்ததும் அணை உடைந்ததுபோல மற்றதும் வந்தது. அவர்தான் சமைக்கிறார், அவர்தான் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறார், நான் தூங்கும்போது போனை எடுத்து ஒளித்து வைக்கிறார், இந்தப் பாஷையே அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார், என்னைவிட எல்லாம் நன்றாகச் செய்கிறார். ஒத்திகையில் இல்லாத வசனங்கள். ஜெர்மன் கொஞ்சம் நொண்டியது, நான் திருத்தவில்லை. கண்ணாடிக்காரி சிரித்தாள். அப்படிப்பட்ட மனிதரைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

இந்த இடத்தில்தான் அம்மா காரியத்தைக் கெடுத்தாள். இரண்டு வருடப் பழக்கம். அப்பா எந்நேரமும் சமையலறையில்தான் இருப்பார், ஒரு குரல் கொடுத்தால் போதும். அந்தப் புழுதிக்காற்றிலும் சைட்டில் வேலை பார்த்துக்கொண்டிருப்பதாக நாங்கள் சொல்லி வைத்திருந்த மனிதரை, தலையைத் திருப்பாமலே, “என்னங்க, இங்க வாங்க!” என்று கூப்பிட்டாள்.

“இதா வாறேன்” என்றது குரல். வாசல் கதவு திறந்தது. டூல்ஸ் பையும் சேஃப்டி ஷூவுமாக அப்பா உள்ளே வந்தார். மனது கேட்காமல் அத்தனை நேரமும் கதவுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கும் பழக்கம்தான். உள்ளே வந்து அண்ணனைப் பார்த்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

அப்பா திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பையைக் கீழே வைத்தார், சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு அம்மாவின் தோளருகில் குனிந்து திரையைப் பார்த்து, கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு, நான்தான் ஹவுஸ்மான் என்று ஜெர்மனில் சொன்னார்.

“என்ன மக்ளே சொல்லுதான்?” என்றார் பெரியப்பா.

என்னிடம் ஓவர்டைம் வசனம்தான் இருந்தது. அப்பாவைப் பார்த்தேன். “சொல்லு மக்ளே” என்றார் அவர்.

“அப்பாக்கு வேலை இல்ல பெரியப்பா. வீட்டுலதான் இருக்காவ. சோறு வைப்பாவ, துணி தொவைப்பாவ, எனக்கு சடை பின்னி விடுவாவ” என்று உள்ளதையெல்லாம் ஒப்பித்துவிட்டேன். அந்த இரண்டு பெண்களும் எனக்குக் கை காட்டினார்கள். நல்ல செய்தி வரும் என்று சொல்லிவிட்டு மறைந்து போனார்கள்.

அப்பா குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அது அவிழ மறுத்தது.

“எங்கிட்ட எதுக்குலே மறச்ச?” என்றார் பெரியப்பா.

“நீதான அண்ணே அன்னைக்குச் சொன்ன...”

“நான் ஆயிரம் சொல்லுவேன். அதையெல்லாம் கெட்டிப் புடிச்சிட்டா இருப்ப?” இருமிச் சமாளித்தார். பிறகு ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தவராக நிமிர்ந்தார். “அப்ப இத்தன நாளா நான் தின்னது?”

“நான் வச்சது அத்தான்” என்றாள் அம்மா.

“அதான பாத்தேன்!” என்றார் பெரியப்பா. அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், வெகுநேரம் குழாய் ஓடியது.

அன்று சமைத்தது அண்ணனும் தம்பியும். பெரியப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிய வேகத்தைப் பார்த்து அப்பாவே வாயைப் பிளந்தார். பத்தா ரூமில் ஆளாளுக்கு முறை வைத்துச் சமைப்பார்களாம். வெள்ளிக்கிழமை பிரியாணி எப்போதும் பெரியப்பா கைதானாம். ஊரில் அவர் காபி டம்ளரைக்கூட உட்கார்ந்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்து போகிறவர். “உன் பெரியம்மைக்கிட்ட இத மட்டும் சொல்லிராத மக்ளே” என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். எனக்குப் புதிய வசனம் கிடைத்தது. அம்மா மத்தியான வெளிச்சத்திலேயே தூங்கிப்போனாள். சோறு ஆன பிறகும் யாரும் அவளை எழுப்பவில்லை.

அம்மாவுக்கு வேலை கிடைத்தது. விசாவுக்குக் காத்திருந்த மாதங்களில், அம்மா போகவிருந்த ஜெர்மன் ஊரிலேயே ஏசி, ஹீட்டர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனி அப்பாவையும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. நான் ரொம்ப மெனக்கெட்டுத் தயாரானேன். என்னைப் பற்றிக் கேட்பார்கள், அப்பா தடுமாறினால் நான் எட்டிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஆறு வாக்கியங்கள் மனப்பாடம் செய்து, புது கவுன் போட்டுக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். அப்பாவே சடை பின்னி விட்டிருந்தார்.

அவர்கள் கேஸ் நிரப்புவதைப் பற்றிக் கேட்டார்கள். கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்கள். எப்போது வந்து சேர முடியும் என்று கேட்டார்கள். “பிள்ளை ஒன்று இருக்கிறது” என்று அப்பாவே சொன்னபோதுகூட, “வாழ்த்துகள்” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். சட்டென்று முடிந்துவிட்டது. அப்பா கைதட்டிக்கொண்டு எழுந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“என்னய யாரு பாத்துக்கிடுவான்னு அவுங்க கேக்கவே இல்லையேம்மா” என்றேன்.

அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது. “மறந்திருப்பாவ மக்ளே” என்றாள், யூனிஃபார்மின் கையை விரித்து மறுபடி தேய்த்தபடி.

நானும் நம்பினேன். அவ்வளவு பெரிய ஊரில், அவ்வளவு படித்தவர்கள், என்னை எப்படி மறந்தார்கள் என்று அவர்கள்மீது எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது.