காலி டேங்குக்குப் பாதி

என் அண்ணா ஒரு பத்திரிகைக்காரரிடம் சொன்ன ஒரே ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம். போன வருஷம் பழைய கார்களின் அணிவகுப்பில் எங்கள் அப்பாவின் காருக்குப் பரிசு கிடைத்தது. வயரிங் எல்லாம் யார் புதுப்பித்தது என்று அந்தப் பத்திரிகைக்காரர் கேட்டிருக்கிறார். "எல்லாம் நானேதான். தங்கை கூட இருந்து டார்ச் பிடிச்சா," என்று சொல்லியிருக்கிறான். மறுநாள் அவன் படத்தோடு அப்படியே அச்சில் வந்தது.

டார்ச் பிடித்தவளாம் நான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் லேபில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எலி கடித்த வயர் ஒவ்வொன்றையும் உருவி எடுத்து, நாலு மாதம் உட்கார்ந்து புதிதாகப் போட்டவள். அப்பா போனதும் கார் அண்ணாவுக்குத்தான் என்று என்னைக் கேட்காமலே முடிவு செய்தார்கள். அப்போதுகூட எனக்கு இப்படி வயிறு எரியவில்லை. கார் அவனுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும், வேலை என்னுடையது. எங்கள் வலியசாலைத் தெருவில் பால் வாங்கப் போனால், "மாமி, அண்ணாவுக்கு டார்ச் பிடிச்சேளாமே!" என்று விசாரித்தார்கள். சிரித்துவிட்டு வந்தேன். ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்க மாட்டேனா?

ஆறு மாதத்தில் அவனே என் வீட்டுக்கு வந்தான். டாஷ்போர்டில் இருந்த பழைய மீட்டர்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போயிருந்தன. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, டேங்குக்குள் ஒரு மூங்கில் குச்சியை விட்டு ஈரம் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது பழசைப் போலவே முகம் கொண்ட புது மீட்டர்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தான்.

"அடுத்த மாசம் பொன்முடி மலைக்குப் பழைய கார் ராலி இருக்கு. இதைக் கொஞ்சம் மாட்டிக் குடுத்துடு. உனக்கு அரை மணி வேலையாக்கும்," என்றான்.

மூன்று நாள் வேலை. முன்சீட்டைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்தேன். தலை டாஷ்போர்டுக்கு அடியில், கால் கதவுக்கு வெளியே. என் வயதில் அப்படிப் படுத்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். புது மீட்டர்கள் பழைய துளைகளுக்குள் போகவில்லை, அரம் போட்டு ராவினேன். ஸ்பீடோமீட்டர் கேபிளின் நுனி பொருந்தாமல் ஒரு முழு மத்தியானத்தைத் தின்றது. இந்த முறை டார்ச்சை அவன் கையில் கொடுத்திருந்தேன். அவனுக்கு ஒரு இடத்தில் நிலையாகப் பிடிக்கத் தெரியவில்லை.

"இங்கே காட்டுண்ணா. என் கண்ணுல இல்லை, இங்கே!" என்று பத்து தடவையாவது அதட்டியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் இனித்தது.

முதலில் எல்லாவற்றையும் சரியாகத்தான் மாட்டினேன். காலி டேங்குக்குக் காலி, நிறைந்த டேங்குக்கு நிறைவு என்று பெட்ரோல் முள் ஒழுங்காகக் காட்டியது. பிறகுதான் என் வேலையை ஆரம்பித்தேன். பிரேக்கைத் தொடமாட்டேன். சூடு காட்டும் மீட்டரையும் தொடமாட்டேன், இன்ஜின் அப்பாவுடையது. உயிருக்கு ஒன்றும் ஆகக் கூடாது, மானம் போனால் போதும்.

டேங்குக்குள் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அது வயரில் தடையைக் கூட்டும், முள் இறங்கும். அந்த வயருக்கும் வண்டியின் பாடிக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரைப் போட்டுவிட்டால் தடை ஓரளவுக்கு மேல் ஏறாது, முள்ளும் பாதிக்குக் கீழே இறங்காது. ஆனால் நிறைந்த டேங்குக்கு நிறைவு என்றே காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு சாயங்காலம் கணக்குப் போட்டேன். முள்ளை உண்மை சொல்ல வைக்க இவ்வளவு கணக்கு தேவைப்படவில்லை. சாலைக் கடைத்தெருவுக்குப் போய் அளவு பார்த்து வாங்கி வந்து மூன்றாம் நாள் மாட்டினேன். அண்ணாதான் டார்ச் பிடித்தான்.

டேங்கை நிரப்பிப் பார்த்தான், முள் நிறைவு காட்டியது. அன்றைக்கே மூங்கில் குச்சியை முறித்து எறிந்தான். மூன்று வாரம் ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு ஓட்டினான். ராலி அன்று காலையில் கிளம்பும்போது, "பாதிக்கு மேல இருக்கு, தாராளமாப் போறும்," என்றான். நானே கண்ணாடியைத் துடைத்து வழியனுப்பினேன்.

பத்து மணிக்கு மேல் போன் வந்தது. மலை ஏறுவதற்கு முன்னாலேயே, கல்லாறில் வண்டி நின்றுவிட்டது. மற்ற கார்களெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போய்விட்டனவாம். டீக்கடையில் இருந்தவர்களும் ஆற்றில் குளிக்க வந்தவர்களும் சுற்றி நின்று போட்டோ எடுக்கிறார்களாம். ஒரு மணி நேரமாக பிளக், கார்புரேட்டர் என்று கழற்றிக் கழற்றிப் பூட்டியதில் வெள்ளைச் சட்டை முழுக்கக் கரியாம். அழாத குறையாகச் சொன்னான். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தேன். நெஞ்சு குளிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"இவா எல்லாரும் பெட்ரோல் தீந்திருக்கும்கறா. முட்டாள்கள்! முள் பாதி காட்டறது," என்று கத்தினான். "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், நீயே சொல்லு. நான் சொல்லியாச்சு, இந்த வண்டியில வயரிங் மொத்தமும் என் தங்கை கைவேலையாக்கும், அவ வெச்ச முள் தப்பவே தப்பாதுன்னு."

டம்ளரைக் கீழே வைத்தேன். ஏழு மாதமாக இந்த வார்த்தைக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். ஊர் கேட்கச் சொல்லிவிட்டான், அதுவும் நான் பொய் சொல்ல வைத்த முள்ளை நம்பி. அவன்மேல் இரக்கம் வந்தது என்று சொன்னால் அது பொய். பயம்தான் வந்தது. யாராவது டேங்க் மூடியைத் திறந்து பார்த்துவிட்டால், மீட்டர் மாட்டத் தெரியாத பொம்பளை என்ற பேர் எனக்கு வந்து சேரும். அதற்கு டார்ச் பிடித்தவள் என்ற பேரே தேவலை.

"டேங்க் காலிண்ணா," என்றேன்.

"பாதி காட்டறதே?" அவன் குரல் இறங்கியது. "அப்போ நீ வெச்சது தப்பாயிடுத்தா?"

போனில் அவனுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

"தப்பா ஒண்ணும் வெக்கலை," என்றேன், அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "காலி டேங்குக்குப் பாதி காட்டணும்னு கணக்குப் போட்டு, வேணும்னேதான் வெச்சேன். சரியாப் பாதியில நிக்கறதா, இல்லையா? உள்ளே குனிஞ்சு பாத்துச் சொல்லு."

சிரிப்பு நின்றது. கார்க் கதவு திறக்கிற சத்தம் வந்தது. நான் போனை வைக்கவில்லை.

"நிக்கறது," என்றான் அண்ணா.