கட்டாருக்குப் போகாத கை

பெல்ட் அடியில் முதலில் வருவது வலியா, சத்தமா, சொல்லுங்கள் பார்ப்போம்? சத்தம்தான். காற்றைக் கிழித்துக்கொண்டு 'விஷ்க்' என்று வரும், அண்ணன் பல்லைக் கடிப்பான், அதற்குப் பிறகுதான் தோல் சிவக்கும். தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்ட லய வீட்டு வரிசையில் 'காம்பரா' என்கிற ஒற்றை அறையில் வளர்ந்த எனக்கு, தகரத்தில் விழும் மழையைவிட அந்தச் சத்தம்தான் பழக்கம்.

அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். முற்றிய தேயிலைச் செடியின் கிளைகளை ஒரே வீச்சில் கழிக்கிற கை. அந்தக் கையால்தான் அண்ணனைப் படிக்க வைத்தார். கணக்குப் பிழைத்தால் அடி, டியூசன் கட் அடித்தால் அடி.

"மலையில கெடந்து சாகப் போறியா? படிடா நாயே!"

"மாதாவே, புள்ளைய கொன்னுறாதீங்க!" என்று அம்மா 'இஸ்தோப்பு' திண்ணையில் நின்று கத்துவாள்.

அடி வாங்கியே அண்ணன் ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணினான், லயத்திலேயே முதல் ஆள். கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பில் எழுதும் வேலை கிடைத்தது. அவ்வளவுதான் கிடைத்தது.

அந்த நத்தார் பண்டிகைக்கு மாமா மகன் ஜூட் கட்டாரிலிருந்து வந்தான். அதற்கு முந்திய ஓ.எல். பரீட்சையிலேயே பெயிலாகி டைல்ஸ் பதிக்கப் போனவன். அவனுக்கு முன்னால் அவன் சென்ட் வாசலுக்கு வந்தது. அவன் அனுப்பிய காசில் மாமா டவுன் பக்கம் வீடே எழுப்பிவிட்டார்.

"என்ன மச்சான், பில் எழுதியே கண்டிய வாங்கிட்டியாமே?"

"நீ ஒட்டகத்துக்கு டைல்ஸ் ஒட்டுறதா கேள்விப்பட்டேன்" என்றான் அண்ணன்.

எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை.

ஜூட் போனதும் பெல்ட் வந்தது. அதே பெல்ட், நேரெதிர்க் காரணம்.

"படிச்சு என்னத்தடா கிழிச்ச? போடா கட்டாருக்கு!"

அண்ணன் முதல் தடவையாகப் பெல்ட்டை எட்டிப் பிடித்து இழுத்தான். அப்பா சுவரில் மோதினார், மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது.

"போறேன்பா. விசாவுக்கு ஜூட்கிட்ட எப்பவோ சொல்லியாச்சு. இனி அடிச்சா திருப்பி அடிப்பேன்."

"போறவனுக்கு இந்தக் குப்பை எதுக்கு?" அப்பா கவ்வாத்துக் கத்தியை உருவி, அண்ணனின் புத்தகப் பெட்டியைக் கொத்தத் தொடங்கினார். தகரம் பிளந்தது, தாள் பறந்தது.

"அது தம்பிக்குப்பா!" என்று அண்ணன் பாய்ந்து பெட்டிக்குள் கையை விட்டான்.

கத்தி அதற்குள் இறங்கிவிட்டது. வலது கையில் இரண்டு விரல்கள். அப்பா தன் சட்டையைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றி, அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சிரைக்கக் கதறியபடி ரோட்டுக்கு இறங்கியதைப் பார்த்தேன்.

விசா வந்தது. வெளிநாடு போகிறவர்களுக்கு எடுக்கிற மெடிக்கலில் கையைப் பார்த்ததுமே 'அன்ஃபிட்' என்றார்கள். பெல்ட்டை அப்பா அடுப்பில் போட்டார். அண்ணன் இடது கையால் பில் எழுதப் பழகினான், அந்தச் சம்பளத்தில்தான் என்னைக் கெம்பஸ் வரைக்கும் படிக்க வைத்தான்.

இப்போது அந்த லயம் இல்லை, மண்சரிவில் போய்விட்டது. கத்தியும் அதோடு போனது. டிகிரியோடு கண்டி முழுக்க வேலை தேடினேன். கிடைத்த ஒரே வேலைக்கு, அண்ணன் வாங்குவதைவிடக் குறைந்த சம்பளம். கட்டாரில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று ஜூட் சொன்னான். வீட்டில் யாரும் என்னை அடிக்கவில்லை.

நாளைக்கு எனக்கு மெடிக்கல்.