தலைச்சனுக்குப் போன பால்

போன மாதம் இறந்துபோன அந்த அம்மாவை எங்கள் பரிசோதனைக் கூடத்தில் கத்தியம்மா என்றுதான் கூப்பிடுவோம். செத்துக் கரையொதுங்கும் ஓங்கில்களை, அதாவது டால்பின்களை, அறுத்துக் கொடுப்பது அவர் வேலை. எங்கள் விரிகுடாவில் அந்த இனம் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டதால், ஒதுங்கும் ஒவ்வொன்றும் எங்கள் மேசைக்கு வந்துவிடும். நஞ்சு அளப்பதற்காகத் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை எடுத்து அலுமினியத் தாளில் சுற்றித் தருவார். பிளாஸ்டிக் பட்டால் அதன் ரசாயனமும் பரிசோதனை முடிவில் கலந்துவிடும். நான் எண் எழுதி ஒட்டுவேன். ஒட்டியதை மறுபடி சரிபார்ப்பேன்.

"அண்ணே, வீட்ல அண்ணிக்கும் லேபிள் ஒட்டியாச்சா?" என்பார்.

கத்தியம்மா இந்த வேலைக்கு வருமுன், அவர் கணவர் பழைய மின்மாற்றிகளைப் பிரிக்கும் பட்டறையில் இருந்தார். எண்ணெய் ஊறிய சட்டைகளைக் கையால் துவைத்தது இவர். முதல் குழந்தை பெண். எட்டு மாதத்தில் இறந்துவிட்டது. பிறகு ஒரு பையன். கையுறையைக் கழற்றிக்கொண்டே ஒரு மத்தியானம் இதை என்னிடம் சொன்னார். அதன்பின் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

ஒரு காலையில் குட்டி ஓங்கில் ஒன்று ஒதுங்கியது. துடுப்பு கிழிந்த அதன் தாய், ஆழமில்லாத தண்ணீரில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அது எங்களுக்குத் தெரிந்த ஓங்கில். செத்துக் கிடந்தது அதன் தலைச்சன். அறுத்தபோது வயிற்றில் செரிக்காத பால் இருந்தது.

"பசியோட போகல," என்றார் கத்தியம்மா, கொஞ்சம் நிம்மதியாக.

குட்டியின் பரிசோதனை முடிவு வந்த அன்று, ஆய்வை நடத்தும் டாக்டரம்மா எங்களுக்கு விளக்கினார். மின்மாற்றி எண்ணெயிலிருந்த நஞ்சு கடலில் கலந்து, மீன் வழியாகத் தாயின் கொழுப்பில் வருடக்கணக்காகச் சேர்கிறது. பால் சுரக்கும்போது அது கொழுப்போடு இறங்கி, பெரும்பங்கு தலைச்சனுக்கே போய்விடுகிறது. பின்னால் பிறப்பவற்றுக்குக் குறைவு.

கத்தி கழுவிக்கொண்டிருந்த கத்தியம்மா குழாயை மூடினார்.

"மனுஷங்களுக்கும் இப்படித்தானா டாக்டரம்மா?"

"பால்ல போறது உண்டும்மா. ஆனா அளவு ரொம்பக் கம்மி. அதுக்காகப் பால் குடுக்காதீங்கன்னு யாரும் சொல்றதில்ல."

"எண்ணெயிலயே கை வெச்சவளுக்கு?"

அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது சரியான பதில். அந்தக் குழந்தை போய் எத்தனையோ வருடமாகிவிட்டது, அளப்பதற்கு இனி எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து டாக்டர் ஒரு புகைப்படம் கொண்டுவந்தார். கிழிந்த துடுப்புக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு துடுப்பு. எல்லோரும் கூடிவிட்டோம். கத்தியம்மா கடைசியாக வந்து, ஈரக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நல்லாயிருக்கா?"

"கொழுகொழுன்னு இருக்கும்மா. தாய் உடம்புல இப்ப அவ்வளவு நஞ்சு இல்ல."

"ஆமா," என்றார். "என் பையனும் நல்லாத்தான் இருக்கான்."

டாக்டருக்கு அப்போதுதான் புரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கத்தியம்மா மேசைக்குத் திரும்பி, அலுமினியத் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து அடுக்கத் தொடங்கியிருந்தார். அன்று மேசையில் அறுப்பதற்கு எதுவும் இல்லை.